மணல் போன ராயபுரம்

சென்னைத் துறைமுகத்தின் தென்புறச் சுவருக்கு வெளியே மெரினா. வடபுறத்தில் ராயபுரம், காசிமேடு. மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை நடப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும். காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் சாலையை ஒட்டிக் கருங்கல் குவியல், கல்லுக்குக் கீழே கடல். இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். இரண்டையும் இப்படி ஆக்கியது ஒரே துறைமுகம். ராயபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ரயில் நிலையத்தில் ஆரம்பித்து மீன் சந்தையில் வந்து நிற்பார்கள். ஆனால் இந்த ஊரின் தொழில், கோயில், சந்தை எல்லாமே ஒரு காலத்தில் மணலை நம்பி இருந்தவை. மணல் எப்படிப் போனது என்று தெரியாமல் இன்றைய ராயபுரம் விளங்காது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இந்தக் கரையில் இடம் வாங்கியபோது கப்பல் ஒதுங்க இங்கே எந்த வசதியும் இல்லை. காற்றுக்கு மறைவாக ஒரு தீவு கிடையாது, வளைகுடா கிடையாது. நேராக ஓடும் கரை, அதன் முன்னால் ஓயாமல் உடையும் அலை. கப்பல்கள் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மூட்டைகள், குதிரைகள், கவர்னர்கள், அவர்களுடைய மனைவிமார் எல்லோரும் அங்கிருந்து கரைக்கு வந்தது மசூலா படகில். இப்படி இரண்டரை நூற்றாண்டு ஓடியது. ஒரு நகரமே இந்தப் படகோட்டிகளின் தோளில் இறங்கி வளர்ந்தது என்று சொல்வதில் மிகை இல்லை.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீளம் 30 முதல் 35 அடி, அகலம் சுமார் 10 அடி, ஆழம் ஏழெட்டு அடி. அடிப்பாகம் தட்டை. பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வங்குக்கால்கள் கிடையாது, ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் நாரைத் திணிப்பாக வைத்து, அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்துத் தைப்பார்கள். காரணம் எளிது. அலையில் வரும் படகு கரையைத் தொடும்போது அடி மணலில் ஓங்கி மோதும். ஆணியடித்து இறுக்கிய கப்பல் படகு அந்த மோதலில் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்து, பிறகு தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு விலையும் உண்டு. தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் இறைப்பதற்கென்றே ஆள் வேண்டும். உப்புநீரில் நார்க்கயிறு இற்றுப்போகும் என்பதால் அவ்வப்போது படகையே பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

ஒரு படகில் துடுப்புப் போடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். துடுப்பு என்பது நீண்ட மூங்கில் கழியின் நுனியில் ஒரு சிறு பலகையைக் கட்டியது. பின்னால் நின்று திசை திருப்புகிறவர் தண்டல். அலை உடைவது சாதாரண நாளில் இரண்டு வரிசையாக இருக்கும், மோசமான நாளில் மூன்றாகும். கரைக்குத் திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். வெளி வரிசைக்கு அப்பால் படகை நிறுத்தி, தண்டல் பின்னால் எழும் அலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று அடங்கும். அந்த அடக்கத்தில் அவர் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே மூச்சாகத் துடுப்பு வலித்து, ஓர் அலையின் முதுகிலேயே வந்து கரையில் ஏறுவார்கள். படகின் பின்பக்கம் அலைக்கு நேராகவே இருக்க வேண்டும். சற்றே குறுக்கே திரும்பினாலும் அலை படகைப் புரட்டிவிடும். அதற்காகவே பக்கத்தில் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். தண்ணீரில் விழுந்தவர்களை இழுத்துப் போட்டுக் காப்பாற்றியதற்காக அரசாங்கம் அவர்களுக்குப் பதக்கம் கொடுத்த காலம் அது. கடல் மிகவும் மோசமான நாளில் கரையில் கொடி ஏறும். அன்றைக்கு எவ்வளவு பெரிய மனிதரானாலும் கப்பலில்தான் இருக்க வேண்டும்.

இந்தப் படகோட்டிகள் குடியிருந்த ஊர்தான் ராயபுரம். அன்றைய கறுப்பர் நகரத்தின், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனின் வடக்குச் சுவருக்கு வெளியே, கரையை ஒட்டி. அவர்களில் கத்தோலிக்கர்கள் நிறையப் பேர். தங்கள் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி 1820களின் இறுதியில் அவர்கள் எழுப்பியதுதான் புனித இராயப்பர் ஆலயம். இராயப்பர் என்பது பேதுருவின் தமிழ்ப் பெயர். அவரும் அடிப்படையில் வலை வீசியவர்தானே. ஜூன் 29 அவருடைய திருநாள். மகமை என்பது பக்திக்கு மட்டுமான காசு என்று எண்ணிவிடக் கூடாது. நிலையான கூலி இல்லாத, ஒரு புயலில் படகு போய்விடக்கூடிய தொழிலில், ஊர் தன்னைத் தானே கட்டிக்காத்துக்கொள்ள வைத்திருந்த முறை அது. மீனவச் சமூகத்தினரான பட்டினவரின் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் வரி பிரித்துக் கோயில் விழாவும் துன்பத்துக்கு உதவியும் பார்ப்பது இதே கணக்கில்தான்.

கரையிலிருந்து உள்ளே வந்தால் வேறு அடுக்குகள் தெரியும். ஹைதர் அலி போரின்போது கிராமத்து மக்கள் பட்டினியோடு நகரத்துக்குள் வந்தார்கள். 1782-இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்தோடு ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. வடசென்னையின் பழைய ஆட்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். சவலை ராமசாமி முதலியார் கொடுத்த பணத்தில் 1880-இல் வந்தது பிரசவ ஆஸ்பத்திரி. வடசென்னையில் பாதிப் பேருக்குப் பிறந்த இடம் கேட்டால், அவர் பெயரின் சுருக்கமான ஆர்.எஸ்.ஆர்.எம். என்றே பதில் வரும்.

ரயில் நிலையம் 1856-ஆம் ஆண்டினது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர், ஓடியது. கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைத்தார். இந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் கரைதான் காரணம். கோட்டையும் வணிகர்களின் தெருக்களும் கப்பல் சரக்கு இறங்கும் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 1873-இல் சென்ட்ரல் திறந்த பிறகு பயணிகள் அங்கே போய்விட்டார்கள். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமை அலுவலகம் மட்டும் 1922 வரை இங்கேயே இருந்தது. தூண்கள் வைத்த அந்தக் கட்டடம், இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே மிகப் பழையது. இரண்டு தெரு தள்ளினால் பார்சிகளின் அக்னி கோயில். பிரோஜ் கிளப்வாலா இளம் வயதில் இறந்த தன் மகன் ஜால் நினைவாக 1910-இல் கட்டியது. நாளின் ஐந்து பொழுதுகளிலும் குரு கட்டையிட்டு அந்த நெருப்பைக் காக்கிறார். பார்சிகள் அல்லாதவர் உள்ளே போக முடியாது. மேற்கு மாதா கோயில் தெருவில் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். நகரத்தில் அவர்கள் தொகை இப்போது சில நூறுதான்.

மறுபடி கரைக்கு வருவோம். 1861 வாக்கில் கடலுக்குள் ஆயிரம் அடிக்கு மேல் நீளும் இரும்புத் தூண் பாலம் ஒன்று போட்டார்கள். படகுகள் பாலத்தடியில் வந்து சரக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். போதவில்லை. 1870களின் நடுவில் இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, வாயைக் கிழக்கே வைத்துத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. மீண்டும் கட்டி 1890களின் நடுவில் முடித்தார்கள். முடிப்பதற்குள்ளேயே மணல் பிரச்சினை வந்துவிட்டது.

இந்தக் கரையோரம் மணல் நடந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக் காலத்தில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில், சில மாதங்கள் மட்டும், தெற்கே தள்ளும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்பார்கள். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி ஆண்டுதோறும் நகர்கிறது. குறுக்கே சுவர் நீட்டினால் என்ன ஆகும்? தெற்கிலிருந்து வரும் மணல் சுவரில் முட்டித் தேங்கும். வடக்கே இருந்த மணலை அலை வழக்கம்போல அள்ளிக்கொண்டு போகும், ஆனால் அதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து ஒரு பிடிகூட வராது. மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் இந்த ஒரே கணக்கின் வரவும் செலவும்.

துறைமுகத்தின் வாயும் தூர்ந்தது. தெற்குச் சுவரைச் சுற்றி வந்த மணல் கிழக்கு வாயிலில் படிந்தது. 1904-இல் துறைமுகத்தின் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயை அடைத்து, வடகிழக்கில் புதிய வாய் திறந்தார். கப்பல்களுக்கு அது பெரிய விடிவு. வடக்கே கரைக்கு எந்த விடிவும் இல்லை. அடுத்த நூறாண்டில் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்துவிட்டது. வீடுகள், தெருக்கள், கோயில்கள் என்று வரிசையாகப் போயின.

கல் கொட்டித் தடுப்பது என்ற முறை அப்போது பிடித்ததுதான். சுவரில் மோதும் அலை அடங்குவதில்லை. திரும்பி இறங்கும்போது கல்லின் அடிவாரத்து மணலைத் தோண்டிக்கொண்டு போகும். அடி ஆழமாகும், கல் சரியும், மேலே புதிய கல் போட வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை இதே வேலை. பிறகு 2000களில் கரைக்குச் செங்குத்தாகக் கடலுக்குள் நீளும் கற்கரங்கள், தூண்டில் வளைவுகள் என்று மீனவர் சொல்பவை, வரிசையாகப் போடப்பட்டன. ஒவ்வொன்றின் தென்பக்கத்திலும் கொஞ்சம் மணல் தங்குகிறது. அதற்கு வடக்கே இருப்பவர்களின் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. ராயபுரத்தின் அரிப்பு திருவொற்றியூருக்கும், திருவொற்றியூரின் அரிப்பு எண்ணூருக்கும் கை மாறிக்கொண்டே போவது இதனால்தான்.

மணல் போனால் அழகு போயிற்று என்பது மட்டும் இல்லை. வேலை செய்யும் இடமே போய்விட்டது. கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்ததுதான் அது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போட வேண்டும். ஈரம் ஊறினால் மரம் கனத்து மிதப்பு குறையும். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டிக்கொண்டு இறங்குவார்கள். சரிவான மணல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. கரைவலை இன்னும் அதிக இடம் கேட்கும். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் படகு அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கி வரும். மறு முனையைத் தள்ளி இன்னொரு இடத்தில் கரை சேர்க்கும். இரண்டு அணிகள் இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நெருங்கி வரும். அதற்கு நீளமான, கல் இல்லாத கரை வேண்டும். நீருக்கடியில் ஒரு கருங்கல் இருந்தாலே போதும், வலை கிழிந்துவிடும். வலை உலர்த்துவது, கருவாடு காயப் போடுவது, படகைப் பழுது பார்ப்பது எல்லாம் இதே மணலில்தான் நடந்தன. இன்று மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி என்4 பீச் என்று பையன்கள் சொல்லும் ஒரு துண்டு மணல் இருக்கிறது. பந்து விளையாடவும் படம் எடுக்கவும் போதும்.

இந்த இழப்பில் பெண்களின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. கட்டுமரங்கள் கரை சேரும் மணலிலேயே மீனை வாங்கிக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் அவர்கள். கையில் பெரிய முதல் வேண்டியதில்லை, உறவும் நம்பிக்கையும் போதும். 1980களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பயன்பாட்டுக்கு வந்து, விசைப்படகுகள் பெருகிய பிறகு, மீன் டன் கணக்கில் ஒரே இடத்தில் இறங்குகிறது. லாரி வைத்திருப்பவரும் ஏற்றுமதிக்கு வாங்குபவரும் நிற்கும் ஏலத்தில் கூடைக்காரப் பெண்ணும் நிற்க வேண்டியிருக்கிறது. பலர் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு கூறு எடுத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். ஏலம் விடும் பெண்களும் உண்டு. குரலிலேயே சந்தையை நிறுத்திவிடுவார்கள்.

விசைப்படகின் கணக்கு வேறு மாதிரி. ஒருமுறை போனால் ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல். டீசல், உடைத்த ஐஸ் பார், அரிசி மளிகை எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மீன் விற்ற தொகையில் முதலில் இந்தச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில்தான் உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு. டீசல் விலை ஏறினால் அடி முதலில் ஆட்களின் பங்கில் விழுவது இதனால்தான். முன்பணம் கொடுத்த ஏலக்காரரிடமே மீனை இறக்க வேண்டும் என்ற கட்டும் உண்டு. துறைமுகம் எத்தனை படகுக்கென்று கட்டப்பட்டதோ அதைவிட மிக அதிகமான படகுகள் நிற்கின்றன. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நெருக்கிக் கட்டிய படகுகளைத் தாண்டித்தான் வெளிப் படகிலிருந்து கூடை கரைக்கு வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த நெருக்கத்தில் புகுந்து படகுகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டது. அதற்குப் பின் வந்த நிவாரணத்தில் பைபர் படகுகள் குவிந்தன. கட்டுமரம் கிட்டத்தட்ட மறைந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் 61 ஆனது. மீன் முட்டையிடும் காலம் என்பது காரணம். பைபர் படகுகளுக்குத் தடை இல்லை, ஆகவே சந்தை மூடாது. ஆனால் வரத்து சுருங்கும், விலை ஏறும். குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை அரசு 8,000 ஆக்கியது. இரண்டு மாதத்துக்கு அது போதாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை. படகுக்காரர்களுக்கு இதுதான் பழுது பார்க்கும் பருவம். படகைக் கரையேற்றி அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, இடுக்குகளை அடைத்து, வண்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள்.

மீன் வாங்கப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். ஆறு மணிக்குப் போகிறவர் இரண்டாம் கை விலைக்குத்தான் வாங்குவார். ஞாயிறு கூட்டமும் விலையும் அதிகம், வார நாள் மேல். கூறு பெரும்பாலும் எடை போடாமல் கண்ணளவில் விற்கப்படும். மேலே பெரிதாகத் தெரியும் மீனைப் பார்த்து மயங்காமல் அடியில் உள்ளதையும் புரட்டிப் பார்க்க வேண்டும். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக, வாடை இல்லாமல் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. பல நாள் ஐஸில் இருந்த வஞ்சிரத்தின் வயிறு முதலில் தளரும். கடம்பா, அதாவது கணவாய், பழசானால் வெள்ளை நிறம் மங்கி இளஞ்சிவப்பு ஏறும். இறாலுக்குத் தலை கறுத்தால் விட்டுவிடலாம். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு ஏற்ற கனம் இருந்தால் மட்டும் எடுக்கவும். சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி, கிழங்கான் போன்றவை பக்கத்துக் கடலில் பிடித்துப் பைபர் படகில் அன்றே வந்தவையாக இருந்தால் சுவையில் வஞ்சிரத்தை மிஞ்சும். வெட்டிச் சுத்தம் செய்யும் பெண்கள் தனிக் கூலிக்குச் செய்து கொடுப்பார்கள். தடை முடிந்த முதல் வாரங்களில் சின்ன மீன் நிறைய வரும். வளராத மீன் குவியலைப் பார்த்தால் வாங்காமல் விடுவது கடலுக்கு நல்லது.

மீனும் படகும் மட்டுமே ராயபுரம் ஆகிவிடாது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டத்தில் அண்ணா பேசினார். துறைமுகம், ரயில்வே, ஆலை என்று உழைப்பாளிகள் அடர்ந்த பகுதியில் அந்தக் கூட்டம் நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகள் வேர்விட்டதும் இதே உழைப்பாளித் தெருக்களில்தான். கேரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஒரு பலகை, நான்கு பேர் உட்கார இடம், அவ்வளவு இருந்தால் ஆடக்கூடிய ஆட்டம் இது. மைதானமாக இருந்த கரை போய், சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பகுதியில், அது தழைத்ததில் வியப்பில்லை.

கரையைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்றால், ஓரளவு முடியும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் தென்பக்கம் தேங்கும் மணலை வாரி, வடக்கே கடற்கரையில் கொட்டும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகம் இதே போல நகரக் கரையைத் தின்றது. அண்மையில் நீருக்கடியில் ஒரு தடுப்பை இறக்கி, மணலும் கொட்டி, காந்தி சிலை அருகே கரையை மீட்டிருக்கிறார்கள். சென்னையில் செய்வதானால் மூன்று விஷயங்கள் வேண்டும். தெற்குச் சுவரருகே மணலைச் சேர்த்து எடுக்க ஒரு குழி. துறைமுகத்தைத் தாண்டிக் கொண்டுபோகக் குழாய் அல்லது மிதவை. ஆண்டு தவறாமல் அதை இயக்கப் பணம். கொட்டும் இடமும் முக்கியம். காசிமேட்டுத் துறைமுக வாயருகே கொட்டினால் படகுகளின் வழி தூர்ந்துவிடும், ஆகவே அதன் வடக்குச் சுவரைத் தாண்டித்தான் கொட்ட வேண்டும். கல் கொட்டுவது ஒரு டெண்டரோடு முடிகிற வேலை. மணலை வடக்கே கொண்டுபோவது துறைமுகம் இருக்கும் வரை ஓயாத வேலை. அந்தச் செலவைத் துறைமுகத்தின் நடைமுறைச் செலவாகவே எழுத வேண்டும். மணலை மறித்தது துறைமுகம், அதை வடக்கே சேர்க்கும் கடமையும் அதற்கே.